இரண்டரை மில்லி கூடிப்போன டேங்க்

எங்கள் கூட்டத்தில் ஒன்பது பேர். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு பொம்மைக் கடையின் மாடியில் கூடுவோம். பிளாஸ்டிக்கில் ராணுவ டேங்க் கட்டுவதுதான் வேலை. நிஜ டேங்கை எழுபத்திரண்டில் ஒரு பங்காகச் சுருக்கி, துண்டு துண்டாகப் பெட்டியில் போட்டு விற்பார்கள். அதை வாங்கி, வெட்டி, ஒட்டி, வண்ணம் அடித்து, உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொள்வோம். வளர்ந்த ஆம்பிளைகள் செய்கிற வேலையா இது என்று கேட்பவர்கள் உண்டு. இதுவரை நாங்கள் யாரும் பதில் சொன்னதில்லை.

கூட்டத்துக்கு நான்கு பக்கத்தில் ஒரு மாத இதழ் உண்டு. தொகுப்பது நான். என் வீட்டில் பிரிண்டர் இருக்கிறது, அதுதான் என் தகுதி. முதல் மூன்று பக்கங்களை யாரும் படிப்பதில்லை என்பது எனக்கு நன்றாகவே தெரியும். எல்லோரும் நேராக நான்காம் பக்கத்தைத்தான் திருப்புவார்கள். அது பல்லுக்காரரின் பக்கம்.

பல்லுக்காரர் என்றால் பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சைப் பார்த்துப் பல் செட்டும், பல்லுக்கு மேல் மாட்டும் கேப்பும் செய்கிற லேபில் இருபத்தாறு வருடமாக வேலை செய்கிறார். ஜன்னலோரத்தில் மேஜை, மேஜையில் ஒரு பூதக்கண்ணாடி, பக்கத்தில் வரிசையாக யார் யாருடையதோ தாடைகள். பல் ஒரு மயிரிழை உயர்ந்துவிட்டால் கடிக்கிறவருக்கு உடனே தெரிந்துவிடும், திரும்பி வந்துவிடும். இவர் செய்தது திரும்பி வந்ததாக லேபில் யாருக்கும் நினைவில்லை. இதை அவர் பெருமையாகச் சொல்லமாட்டார். ஆனால் பேச்சை எப்படியாவது அந்தப் பக்கம் கொண்டுவந்துவிடுவார்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டதற்கு, "அமையல" என்று முடித்துக்கொண்டார். சொந்தம் என்று இருந்தது ஒரே தங்கை. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு தங்கை வீட்டில். வேறு எங்கே கூப்பிட்டாலும் போகமாட்டார்.

நான்காம் பக்கத்தில் அவர் எடை போடுவது விலை குறைந்த பெட்டிகளை மட்டும்தான். விலை கூடியதற்கு எதற்கு இன்னொருத்தர் கருத்து, அதை வாங்குகிறவன் ஏற்கெனவே முடிவு பண்ணியிருப்பான் என்பார். பெட்டி கையில் வந்ததும் மேலே உள்ள படத்தைப் பார்க்கமாட்டார். "படம் போட்டவன் வேற, அச்சு வெட்டினவன் வேற" என்று பெட்டியைத் திருப்பி வைத்துவிடுவார். முதலில் முகர்ந்து பார்ப்பார். பழைய பிளாஸ்டிக்கை உருக்கிக் கலந்திருந்தால் ஒரு புளித்த வாடை வரும். பிறகு துண்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கும் சட்டத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடிப்பார். அச்சு சரியாக மூடியிருக்காவிட்டால் ஓரங்களில் பிளாஸ்டிக் மெல்லிய சவ்வாக வழிந்திருக்கும். சக்கரங்களின் மேல் நகத்தால் ஒரு கோடு இழுப்பார். உடலின் மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் பசை இல்லாமலே பொருத்தி, காதருகில் வைத்து அழுத்துவார். சத்தம் வந்தால் இடைவெளி இருக்கிறதாம். சக்கரங்களைச் சுற்றி ஓடும் செயினை மடக்கிப் பார்ப்பார். ரப்பர் செயின் என்றால் முகம் சுளிப்பார், ஏனென்றால் அதில் பசை பிடிக்காது.

கடைசியாக மதிப்பு. அதற்கு அவர் வைத்திருந்த அளவு 'மாலை'. ஒரு பெட்டி எத்தனை மாலை நேரத்தை எரிச்சல் இல்லாமல் ஓட்டும் என்று கணக்கிடுவார். பெட்டியின் விலையை அந்த மாலைகளால் வகுத்தால் வருவது ஒரு டீயின் விலையைவிடக் குறைவாக இருந்தால் வாங்கலாம். அதிகமென்றால் டீ குடித்துவிட்டு சும்மா உட்காரலாம். 'இரண்டு மாலை ஒட்டுவதற்கு, ஏழு மாலை தேய்ப்பதற்கு. தேய்ப்பதை நான் சேர்ப்பதில்லை' என்று ஒரு பெட்டியைப் பற்றி எழுதினார். கடைக்காரர் அந்தப் பெட்டியை மறுநாளே அலமாரியின் அடித்தட்டுக்கு மாற்றிவிட்டார்.

இதற்கெல்லாம் மேல் ஒரு விதி வைத்திருந்தார். மில்லியில் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும் வெர்னியர் அளவுகோலை எடுத்து உடலின் நீளத்தை அளப்பார். ஒரு மில்லிமீட்டர் வரை மன்னிப்பு. அதற்கு மேல் கூடினாலோ குறைந்தாலோ மற்றதெல்லாம் தங்கமாக இருந்தாலும் பெட்டி தேறாது. எதை வைத்து அளவு என்றால், அவர் அறைச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்த ஒரு வரைபடம். பதினான்கு வருடத்துக்கு முன்னால் நூலகத்தில் ஒரு தடித்த புத்தகத்திலிருந்து நகல் எடுத்தது. எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் கட்டுகிற அந்த ஒரு டேங்க், எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவில், பக்கவாட்டிலும் மேலிருந்தும். அந்த வரைபடத்தைப் பார்க்கவே சிலர் அவர் அறைக்குப் போயிருக்கிறார்கள். நானும் போயிருக்கிறேன், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான்.

அவர் தங்கையின் கணவருக்கு ஒரு சின்னப் பட்டறை. பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் அடிக்கும் மெஷின் இரண்டு வைத்துக்கொண்டு பாட்டில் மூடி அடிப்பவர். பல்லுக்காரர் அவரை மாப்பிள்ளை என்பார், அவர் இவரை மச்சான் என்பார். மூடி அடித்து அடித்து அலுத்துப்போய்த்தானோ என்னவோ, மாப்பிள்ளை ஒரு டேங்க் அச்சு வெட்டினார். அதே டேங்க். ஊர்ப் பூங்காவில் அந்த ரகத்தில் நிஜ டேங்க் ஒன்று நிற்கிறது. மூன்று விடுமுறை நாட்கள் அங்கே போய், டேப்பை வைத்து நேராக அளந்து, தானே வரைந்து, தானே வெட்டினார். மற்ற பெட்டிகளின் விலையில் பாதிதான் வைத்தார். பல்லுக்காரர் தேறியது என்று எழுதினால் ஐநூறு பெட்டி எடுத்துக்கொள்வதாகக் கடைக்காரர் வாக்குக் கொடுத்தார். அதுவரைக்கும் பார்ப்பதற்கு நாற்பது.

பெட்டியைக் கொடுக்க மாப்பிள்ளை எங்கள் கூட்டத்துக்கே வந்தார். பல்லுக்காரர் முகர்ந்தார், நகத்தால் இழுத்தார், காதருகில் வைத்து அழுத்தினார். சத்தம் வரவில்லை. செயின் கெட்டி பிளாஸ்டிக்கில், கண்ணி கண்ணியாக அழகாக விழுந்திருந்தது. அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் எட்டிப்பார்த்ததை நான் பார்த்தேன். பிறகு வெர்னியரை எடுத்தார்.

"எண்பத்து மூணு புள்ளி மூணு" என்றார். "என் படத்துல எண்பது புள்ளி எட்டு. ரெண்டரை மில்லி ஜாஸ்தி மாப்பிள்ளை."

"இல்ல மச்சான், பார்க்குல நிக்கிறதுமேல டேப் வெச்சுத்தான் அளந்தேன். ஒரு தடவைக்கு மூணு தடவையா அளந்தேன்."

"அது முப்பது வாட்டி பெயின்ட் அடிச்ச வண்டி. அதுமேல டேப் வெச்சா அளவு வருமா?"

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன், அதை மறைக்க விரும்பவில்லை. எழுபத்திரண்டில் ஒரு பங்கில் இரண்டரை மில்லி என்றால் நிஜத்தில் பதினெட்டு சென்டிமீட்டர். பதினெட்டு சென்டிமீட்டர் கனத்துக்கு ஒரு டேங்குக்குப் பெயின்ட் அடிக்க முடியுமா என்று அங்கே இருந்த ஒன்பது மேதாவிகளில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சுவரில் படம் மாட்டியிருக்கும்போது யார் பூங்காவுக்குப் போய் யோசிக்கப் போகிறார்கள்?

அந்த மாதம் நான்காம் பக்கத்தில், 'பொருத்தம் நன்று, செயின் மிக நன்று, நீளம் இரண்டரை மில்லி கூடுதல், தேறாது' என்று வந்தது. சொந்தக்காரர் என்று ஒரு சொல் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. நாங்கள் அதற்காக அவரை மெச்சினோம். கடைக்காரர் நாற்பதைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு, ஐநூறு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அடுத்த ஞாயிறு பல்லுக்காரர் வழக்கம்போலச் சாப்பிடப் போனார். தங்கை கதவைப் பாதி திறந்து நின்றாளாம்.

"நீ தேறாதுன்னு எழுதினதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. ஆனா போன ஞாயித்துக்கிழமை இங்கதான உக்காந்து சாப்பிட்ட? அப்பவே எழுதி முடிச்சிட்டல்ல? ஒரு வார்த்தை சொன்னியா? ஊர்ல எல்லாரும் படிச்சப்புறம் நாங்க படிக்கணுமா?"

வாசலிலிருந்தே அவர் திரும்பி வந்துவிட்டார். அதற்குப் பின் மூன்று மாதம், கூட்டம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளிலும் மதியம் கடை மாடியில் உட்கார்ந்திருப்பார், பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டு. அவ்வளவு அளவு பார்க்கிற மனிதர் அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. எரிச்சலாகவும் இருந்தது. போய்ச் சமாதானம் ஆகித் தொலைய வேண்டியதுதானே என்று தோன்றும்.

சமாதானத்துக்கு அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். 'கூடுதல் நீளத்தை வீட்டிலேயே சரிசெய்வது எப்படி' என்று ஒரு கட்டுரை எழுதிவிட்டால் அந்தப் பெட்டிக்கு மறுபடி மதிப்பு வரும் என்று நினைத்தார். தன்னிடமிருந்த பெட்டியைப் பிரித்து, லேபிலிருந்து கொண்டுவந்த மெல்லிய வாளால் உடலில் இரண்டரை மில்லியை அறுத்து எடுத்தார். ஒட்டினார். சக்கரங்கள் ஒன்றோடொன்று முட்டின. சரி, சக்கரத்தைத் தேய்க்கலாம் என்று அதை அளந்தார். சக்கரமும் படத்தில் இருப்பதைவிடப் பெரிது. அகலத்தை அளந்தார். அதுவும் பெரிது. மேலே சுழலும் கூண்டு, பீரங்கிக் குழாய், மூடிகள், எல்லாமே பெரிது. ஒவ்வொன்றையும் படத்தின் அளவால் வகுத்துப் பார்த்தார். எல்லாமே நூற்றுக்கு மூன்று கூடுதல். மூன்றுக்கு மேலும் இல்லை, கீழும் இல்லை.

மறுநாள் மாலை என்னைக் கூப்பிட்டு இதைச் சொன்னார்.

"அச்சு வெட்டறவன் தப்பு பண்ணினா ஒரு இடத்துல பண்ணுவான். ரெண்டு இடத்துல பண்ணுவான். எல்லா இடத்துலயும் ஒரே அளவு தப்பு பண்ண யாராலயும் முடியாது சார்."

"அப்போ?"

"பார்க்குக்குப் போகணும். கூட வர்றீங்களா?"

போனோம். டேங்க் ஒரு சிமென்ட் மேடையில், பச்சை வண்ணத்தில், வெயிலில் சூடாக நின்றது. வாழ்நாளில் பாதியை அதைப் பற்றிப் பேசிக் கழித்தவர்கள் நாங்கள். கிட்டத்தில் போய் நின்றது அன்றைக்குத்தான். அவர் உடலின் முன்முனையில் டேப்பைப் பிடிக்க, நான் பின்முனைக்கு இழுத்துக்கொண்டு போனேன். காவலாளி வந்தார்.

"மேல ஏறக்கூடாது."

"ஏறல. அளக்கறோம்" என்றார் பல்லுக்காரர்.

"அளந்து?"

"எழுபத்திரண்டால வகுக்கணும்."

காவலாளி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். டேப்பில் ஆறு மீட்டர் காட்டியது. வகுத்தால் எண்பத்து மூன்று புள்ளி மூன்று. பல்லுக்காரர் டேப்பைச் சுருட்டினார், மறுபடி விரித்தார், மறுபடி அளந்தார். மூன்று முறை. அவர் மாப்பிள்ளையும் அப்படித்தான் அளந்திருப்பார்.

அங்கிருந்து நேராக நூலகம். அந்தத் தடித்த புத்தகம் அதே தட்டில் இருந்தது. வரைபடத்தின் கீழே, இத்தனை நீளம் ஒரு மீட்டர் என்று காட்டும் ஒரு சின்ன அளவுகோடு. சட்டத்துக்குள் அடங்க வேண்டும் என்று பதினான்கு வருடத்துக்கு முன் அவர் தன் நகலில் கத்தரித்து எறிந்தது அந்தக் கோட்டைத்தான். புத்தகத்திலிருந்த படத்தின் மேல் வெர்னியரை வைத்தார். எண்பத்து மூன்று புள்ளி மூன்று. நூலகரிடம் போய் விஷயத்தைச் சொன்னோம். அந்த அம்மாள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"அந்தப் பழைய மிஷினா? அது எதையும் கொஞ்சம் சின்னதாத்தான் எடுக்கும். ஓரம் வெட்டுப்படாம இருக்கட்டும்னு நாங்கதான் அப்படி வெச்சிருந்தோம். எழுத்துப் படிக்கறவங்களுக்கு அதுல என்ன வித்தியாசம்?"

பதினான்கு வருடத்தில் அந்த ஒரு டேங்குக்கு மட்டும் அவர் ஐந்து பெட்டிகளுக்குத் தீர்ப்பு எழுதியிருக்கிறார். ஒன்றை 'அச்சு அசல்' என்று புகழ்ந்தார். அது சூம்பிப்போன டேங்க். நான்கைத் தேறாது என்றார், நான்கும் சரியானவை. வாசலில் நின்று இதை விரல்விட்டு எண்ணினார். பிறகு, "என்கிட்ட இருந்தது சரியான டேங்க். அதையும் அறுத்துட்டேன்" என்றார்.

இது நம் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் நினைத்தேன். அவரும் நினைத்திருப்பார்.

"இந்தத் தடவை மொதல்ல வீட்டுல போய்ச் சொல்லணும்" என்றார். "நீங்க சும்மா கூட இருங்க. பேச வேண்டாம்."

ஞாயிறு மதியம் போனோம். தங்கை "வா" என்றாள். அண்ணா என்று சேர்க்கவில்லை. அவர் உட்கார்ந்து வாயைத் திறப்பதற்குள் உள்ளே இருந்து மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்தார். பெட்டியின் மூலையில் 'திருத்திய அளவு' என்று புதிதாக ஒரு ஸ்டிக்கர்.

"நானே கொண்டுவரணும்னு இருந்தேன் மச்சான். அச்சை வெல்டிங் வெச்சு அடைச்சு, மறுபடி வெட்டியாச்சு. செலவு கொஞ்சம் இழுத்துடுச்சு. ரெண்டு மெஷின்ல ஒண்ணை வித்துட்டேன். பரவால்ல, ஒண்ணு போதும். நீளம் குறைச்சாச்சு. அளந்து பாருங்க."

கடைக்காரரிடமும் பேசிவிட்டாராம். பல்லுக்காரர் சரி என்றால் ஐநூறு இப்போதும் உண்டு.

பல்லுக்காரரின் சட்டைப்பையில் வெர்னியர் இருந்தது. அதை வெளியே எடுத்து, தேறியது என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்த வீட்டுக்குச் சோறு, இவருக்கு ஞாயிற்றுக்கிழமை, ஊரில் இவர் பெயர், மூன்றும் மிஞ்சும். அவர் பெட்டியைத் திறக்கவே இல்லை.

"மாப்பிள்ளை, நீங்க மொதல்ல போட்டதுதான் சரி. என் படம் தப்பு" என்றார். நகல் மிஷினை, கத்தரித்த கோட்டை, பூங்காவை, எல்லாவற்றையும் தலை குனிந்தபடி சொன்னார்.

மாப்பிள்ளை எதிரே உட்கார்ந்தார். பிறகு கேட்டார்: "அப்போ நான் அளந்தது சரியா?"

"சரி."

"மூணு தடவையும்?"

"மூணு தடவையும் சரி."

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். மெஷின் போன மனிதர் சிரிக்கிறாரே என்று எனக்கு ஆச்சரியம். தங்கை சிரிக்கவில்லை.

"மூணு மாசமா நான் உன்னைத் திட்டிக்கிட்டே இருந்தேன்" என்றாள் அண்ணனைப் பார்த்து. "இவர் ஒரு வார்த்தை சொல்லல. 'உங்க அண்ணன் சொன்னா அதுல ஏதாவது இருக்கும், நான்தான் எங்கயோ விட்டுட்டேன்'னு சொல்லிச் சொல்லியே அந்த மெஷினை ஏத்தி அனுப்பினார். நீ அவர் சொன்னதை ஒரு தடவை நம்பி அந்தப் பார்க் வரைக்கும் நடந்திருக்கலாம்ல?"

பல்லுக்காரர் அழுதார். சத்தமில்லாமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. அவரை அப்படிப் பார்த்ததில்லை என்பதால் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தங்கை உள்ளே போனாள். போனவள் தட்டு எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. எண்ணிப் பார்த்தேன், நான்கு தட்டு.

அந்த மாத நான்காம் பக்கம் இப்படி இருந்தது: 'பதினான்கு ஆண்டுகளாக நான் தவறான படத்தை வைத்து அளந்தேன். முதலில் வந்த நாற்பது பெட்டிகள் சரியான அளவு. அவற்றை வாங்கியவர்கள் அதிர்ஷ்டசாலிகள். இப்போது வருபவை இரண்டரை மில்லி குறைவு. குறைந்ததற்குத் தயாரித்தவர் காரணம் அல்ல, நான் காரணம். என் விதிப்படி இது தேறாது. ஆனால் பொருத்தமும் செயினும் இந்த விலையில் வேறெங்கும் கிடையாது. பத்து மாலை. எரிச்சல் இல்லை.' அதன் கீழே தான் தவறாகத் தீர்ப்பு எழுதிய பெட்டிகளின் பட்டியலை முழுதாகக் கொடுத்திருந்தார்.

அச்சுக்குப் போகுமுன் கடைக்காரர் என்னைக் கூப்பிட்டார். "இந்த வரி எல்லாம் எதுக்கு சார்? எடுத்துடுங்க. யாரு அளக்கப் போறா?" எடுக்க மறுத்தேன். அவர் ஐநூறை இருநூறாகக் குறைத்துக்கொண்டார்.

இதழ் போய்ச் சேர்ந்த அன்று மாலை நான் பல்லுக்காரரின் அறையில் இருந்தேன். சுவரில் சட்டம் இருந்த இடம் மட்டும் வெளுப்பாக, நீள்சதுரமாகத் தெரிந்தது. மாப்பிள்ளையிடமிருந்து போன் வந்தது. எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"மச்சான், படிச்சேன். ஆனா ஒரு தப்பு இருக்கு."

"என்ன மாப்பிள்ளை?"

"ரெண்டரை மில்லி குறைவுன்னு போட்டிருக்கீங்க. அளந்தீங்களா?"

பல்லுக்காரர் என்னைப் பார்த்தார். அளக்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக, வெட்கத்தில், அளக்காமலே எழுதிவிட்டார்.

"ஒண்ணரைதான் குறைச்சேன்" என்றது போன். "ஒரு மில்லி வரைக்கும் நீங்க மன்னிப்பீங்கன்னு எனக்குத் தெரியும்ல. மீதிய வெட்ட மனசு வரல. பார்க்குல நிக்கிறத நான் என் கையால தொட்டு அளந்திருக்கேன் மச்சான்."

அவர் போனை மேஜையில் வைத்துவிட்டு பெட்டியைப் பிரித்தார். வெர்னியரை இரண்டு முறை வைத்துப் பார்த்தார்.

"எண்பத்தொண்ணு புள்ளி எட்டு" என்றார் போனிடம். "நீங்க சொன்னது சரி, மாப்பிள்ளை."